விடியலில் அன்னமிடும் தேசம்

சீனம், வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மார் என்ற ஐந்து அயல்நாடுகள் நாற்புறமும் சூழ்ந்திருக்க, எந்தச் சமுத்திரத்தின் அலையும் தன் எல்லையைத் தீண்டப் பெறாமல், மலைத்தொடர்களுக்கும் ஒரு மகாநதிக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் லாவோஸ் தேசத்தைக் காண வேண்டும் என்ற ஆசை, அந்தப் பிராந்தியத்திலே பிரயாணம் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கடைசியில்தான் உண்டாகிறது. அங்கோர் கோயில்களின் கீர்த்தி கம்போடியாவுக்கு ஜனத்திரளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பாங்காக் நகரத்தின் ஆரவாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இவ்விரண்டுக்கும் அண்டையில், 2,36,800 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்திலே ஏறக்குறைய முக்கால் கோடி ஜனங்களே வசிக்கும் இந்த மலைநாடு, தன்னைப் பற்றி உரக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்து வருகிறது.

பிரம்மாண்டமான சிற்பக் கோபுரங்களை எதிர்பார்த்து லாவோஸுக்குப் போகிறவர்கள் ஏமாற்றம் அடையக் கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நாட்டு விகாரங்கள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை; அவற்றிலே பல, படையெடுப்பிலும் தீயிலும் அழிந்து மீண்டும் எழுந்தவை. அஸ்திவாரம் ஒரு காலத்தது, சுவர் வேறொரு காலத்தது, கூரையோ சென்ற தலைமுறையினர் வேய்ந்தது என்று பிரித்துக் கணக்குப் பார்க்கும்படியான ஆலயங்களே அதிகம். அப்படியிருந்தும், தர்மம் அறுபடாமல் நடந்து வருகிறது என்ற எண்ணத்தை என் உள்ளத்தில் மிக அழுத்தமாகப் பதித்த தேசம் இதுவே. அந்த எண்ணம் கட்டடங்களைப் பார்த்து எழுந்ததல்ல. விடியற்காலையிலே வீட்டு வாசலில் நடக்கும் ஒரு சிறு காரியத்தைப் பார்த்து எழுந்தது.

லாவோஸுக்குள் பிரவேசிப்பதற்கு ஆகாய மார்க்கம் இருக்கிறது; இப்போது ரயில் மார்க்கமும் இருக்கிறது. ஆயினும் அவகாசம் உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நதி மார்க்கத்தையே. தாய்லாந்தின் வடகோடியிலே எல்லையைக் கடந்து, ஹுவே சாய் என்ற கரையோர ஊரிலே ஏறிக்கொண்டால், நீளமான மரப்படகு ஒன்று இரண்டு பகற்பொழுது மேகாங் நதியோடு இறங்கிச் சென்று, இடையிலே பாக் பெங் என்ற சிற்றூரில் இராத்தங்கலுக்கு நின்று, லுவாங் பிரபாங் நகரத்திலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. திபேத்தியப் பீடபூமியிலே பிறந்த அந்த நதி கரும்பாறைகளுக்கு இடையே சுழித்துக்கொண்டு ஓட, தேக்கும் மூங்கிலும் அடர்ந்த மலைகள் இருபுறமும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்வந்து விலக, நீர் வற்றிய மாதங்களிலே வெளிப்படும் மணற்சரிவுகளில் கிராமத்தார் வேர்க்கடலையும் காய்கறியும் பயிரிட்டிருக்க, அவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு போகிறவனுக்குக் கையிலுள்ள புஸ்தகம் மறந்துபோய்விடுகிறது. துறை என்று சொல்லத் தக்க அமைப்பு எதுவும் இல்லாத இடத்திலே படகு மணலில் முட்டி நிற்கும். அரிசி மூட்டையோடு ஒரு குடும்பம் இறங்கும். கோழிக் கூடையோடு மற்றொரு குடும்பம் ஏறும். சாலை எட்டாத கிராமங்களுக்கு இந்த நதியே ராஜபாட்டை.

மேகாங்கோடு நாம் கான் என்ற சிற்றாறு வந்து கலக்கும் முனையிலே, ஒரு குறுகிய தீபகற்பத்தின்மேல் லுவாங் பிரபாங் அமைந்திருக்கிறது. ஊரின் நடுவிலே சுமார் நூறு மீட்டர் உயரமுள்ள பூசி என்ற குன்று. அதன் உச்சியிலே பொன்முலாம் பூசிய ஒரு ஸ்தூபி. 1353-ஆம் வருஷத்திலே ஃபா ஙும் என்ற அரசன், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கி, பத்து லட்சம் யானைகளின் நாடு என்று பொருள்படும் லான் சாங் ராஜ்யத்தை இங்கிருந்துதான் ஸ்தாபித்தான். தலைநகரம் பின்னால் தெற்கே வியந்தியானுக்குப் பெயர்ந்துவிட்ட போதிலும், அரச வம்சம் ஒன்று 1975-ல் முடியாட்சி முடிவடையும் வரையில் இவ்வூரிலேயே வாழ்ந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ஆதிக்கத்தில், 1904-ல் கட்டத் தொடங்கிய அரண்மனை இன்று காட்சிசாலையாக இருக்கிறது. லாவோஸ் பாணிக் கூரையும் பிரெஞ்சு பாணிச் சுவரும் ஒன்றோடொன்று சமரசமாக நிற்கும் இந்நகரத்தை 1995-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதன் பயனாகப் பழைய வீதிகளிலே உயரமான கட்டடங்கள் எழவில்லை; விகாரத்தின் கூரைகளே இன்னும் ஊரின் உயரத்தை நிர்ணயித்து வருகின்றன.

அக்கூரைகளின் சௌந்தரியத்தை முழுமையாகக் காண வேண்டுமானால் வாட் சியெங் தோங் என்ற விகாரத்துக்குப் போக வேண்டும். 1560-ஆம் ஆண்டையொட்டி சேத்தாதிராத் மன்னன் நதிக்கரையிலே எழுப்பிய இவ்வாலயத்திலேதான் லாவோஸ் அரசர்கள் முடிசூடிக்கொண்டார்கள். நதியிலிருந்து நேரே ஏறிவரும் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. அடுக்கடுக்காக இறங்கும் கூரை, நிமிர்ந்து நிற்பதை விடுத்து, நிலத்தை நோக்கித் தாழ்ந்து தாழ்ந்து வந்து, ஆள் உயரத்துக்கு அருகிலே நின்றுவிடுகிறது. உள்ளே கருநிறச் சுவர்களிலும் தூண்களிலும் பொன்னால் தீட்டிய கதைகள். பின்சுவரின் வெளிப்புறத்திலோ, செந்நிறப் பரப்பின்மேல் வர்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து அமைத்த ஒரு மகாவிருக்ஷம். அந்த விருக்ஷம் 1960-களிலே செய்யப்பட்டது என்று அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. பழமையை மட்டும் போற்றிப் புதியதைச் சேர்க்க அஞ்சும் ஆலயம் காட்சிசாலையாகிவிடுகிறது. இங்கேயோ, நானூறு வருஷத்துச் சுவரிலே தன் காலத்துக் கைவேலையைச் சேர்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று அத்தலைமுறையும் கருதியிருக்கிறது.

இவ்விகாரத்திலே அரசர்களின் சவரதம் நிற்கும் மண்டபம் ஒன்று உண்டு. அதன் முகப்பு முழுவதும் ராமகதைச் சிற்பம். லாவோஸ் மக்கள் இக்காவியத்துக்கு ‘பா லாக் பா லாம்’ என்று பெயரிட்டு, லக்ஷ்மணனை முன்னும் ராமனைப் பின்னும் வைத்து வழங்குகிறார்கள். ராமனைப் புத்தரின் பூர்வஜன்மமாகக் கொண்டு, கதை நிகழும் இடத்தையும் மேகாங் கரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நம்முடைய சொத்து என்று உரிமை கொண்டாடும் எண்ணத்தோடு அச்சிற்பங்களைப் பார்ப்பது சரியல்ல. ஆனாலும், அந்நாட்டு எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர்காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பதை அறிந்த தமிழன், விகாரத்துப் பலகைகளில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாமற்போனாலும், அவ்வட்ட வடிவங்களை முற்றிலும் அந்நியமாகக் கருதமாட்டான்.

விகாரத்து முரசு இருள் பிரியாத வேளையிலே ஒலிக்கிறது. சிறிது நேரத்துக்கெல்லாம், வீதியோரத்து வீடுகளிலே விளக்கு எரியத் தொடங்கி, அடுப்புப் புகை எழுகிறது. லாவோஸிலே பிரதான ஆகாரம், செட்டிநாட்டார் வீடுகளிலே வழங்கும் கவுனியரிசியைப் போன்ற பசையுள்ள ஒருவகை அரிசி. அதை இரவெல்லாம் ஊறவைத்து, மூங்கில் கூடையிலே ஆவியில் வேகவைத்து, மூடியுள்ள சிறு மூங்கில் பெட்டியிலே நிரப்பிக்கொண்டு, வீட்டுப் பெண்கள் தோளிலே மேலாடையைக் குறுக்காக அணிந்து, காலணியைக் கழற்றிவிட்டு, வீதியோரத்திலே பாய் விரித்து முழந்தாளிட்டு அமர்கிறார்கள். கிழக்கு வெளுக்கும் சமயத்திலே பிக்ஷுக்கள் வருகிறார்கள். மூத்தவர் முன்னும், அவருக்கு இளையவர்கள் அடுத்தும், பத்துப் பன்னிரண்டு வயதுச் சாமணேரச் சிறுவர்கள் கடைசியிலுமாக, வெறுங்காலோடு, ஒற்றை வரிசையிலே, மஞ்சட்சிவப்புச் சீவரங்கள் மங்கிய ஒளியிலே அசைய, ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் வருகிறார்கள். அமர்ந்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு கவளம் எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுகிறார்கள். வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை. இடுகிறவர் அதை எதிர்பார்ப்பதுமில்லை. புண்ணியத்தைச் சம்பாதிக்கும் சந்தர்ப்பத்தைத் தந்தவர் பிக்ஷுவாகையால், கடமைப்பட்டவர்கள் தாங்களே என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

அவ்வரிசையின் ஓரத்திலே நான் கவனித்த மற்றொரு விஷயமும் உண்டு. ஏழைச் சிறுவர் சிலர் வெற்றுக் கூடைகளை முன்னே வைத்துக்கொண்டு முழந்தாளிட்டிருந்தார்கள்; அவர்களைக் கடக்கும் பிக்ஷுக்கள், தங்கள் பாத்திரத்திலே இப்போதுதான் விழுந்த அன்னத்தில் ஒரு பகுதியை எடுத்து அக்கூடைகளிலே இட்டுப் போனார்கள். இல்வாழ்வான் துறவிக்கு இட்டதைத் துறவி இல்லாதவனுக்கு இடுகிறான். வாங்கின கை உடனே கொடுக்கும் கையாகிறது. பிக்ஷுவாகவும் சாமணேரராகவும் இருப்பவர்களிலே பெரும்பாலோர் ஏழைக் கிராமங்களிலிருந்து கல்வியின் பொருட்டு வந்து சேர்ந்தவர்கள் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டும். பள்ளிக்கூடச் செலவுக்கு வழியில்லாத தாய் தந்தையர் மகனை விகாரத்திலே சேர்க்கிறார்கள். அவனுக்குச் சோறு போடும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொள்கிறார்கள். விருப்பம் உள்ளவன் நிலைத்து நிற்கிறான். மற்றவன் படித்து முடித்துச் சீவரத்தைக் களைந்து இல்லறத்துக்குத் திரும்புகிறான். அதிலே அவனுக்கு இழுக்கு எதுவும் இல்லை.

1975-ல் ஆட்சி மாறிய புதிதிலே, பிக்ஷுக்கள் பிறர் உழைப்பில் உண்பவர்கள் என்று கருதிய அரசாங்கம் இவ்வன்னமிடும் வழக்கத்தைத் தடுக்க முற்பட்டது. ஜனங்களின் அதிருப்தி நாளுக்கு நாள் அதிகரிக்கவே, தடை தளர்ந்தது. பின்னர் முற்றிலும் மறைந்தது. ஊர்களைக் கொளுத்தின படைகளாலும் நிறுத்த முடியாத காரியத்தை உத்தரவுகளாலும் நிறுத்த முடியவில்லை. இன்றைக்கு அதற்கு நேர்ந்திருக்கும் இடையூறு வேறு வகையானது. பிக்ஷுக்களின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டி, ஒளி பாய்ச்சி, வரிசையின் குறுக்கே ஓடுகிற பிரயாணிகளைப் பிரதான வீதியிலே காண நேர்ந்தபோது என் மனம் மிகவும் வேதனைப்பட்டது. எதிர்ச்சாரியிலே நின்று மௌனமாகப் பார்க்க வேண்டும், பிக்ஷுக்களைத் தீண்டலாகாது, அன்னமிட விரும்புகிறவர்கள் முறையறிந்து இட வேண்டும் என்று விளம்பரப் பலகைகள் பல இடங்களிலே வைத்திருக்கிறார்கள். அங்கே போகும் நம்மவர்கள் அதை அக்ஷரம் தவறாமல் அனுசரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலுக்குள் செருப்போடு நுழையக் கூசுகிறவர்களுக்கு, இந்நேரத்திலே வீதியும் கோயில்தான் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நகரத்துக்குப் பெயர் தந்த விக்கிரகம் பா பாங் என்பது. உயரம் 83 சென்டிமீட்டர்தான். இரு கரங்களையும் அபயமாக உயர்த்தி நிற்கும் புத்தர். இலங்கையிலே வார்க்கப்பட்டு, கெமர் ராஜ்யத்தின் வழியாக இங்கே வந்தது என்பது ஐதிகம். இன்றைய தாய்லாந்தான சயாம் தேசத்துப் படைகள் இவ்விக்கிரகத்தை இருமுறை எடுத்துச் சென்று, இருமுறையும் திருப்பித் தந்துவிட்டன. ஏப்ரல் மாத மத்தியிலே, சூரியன் மேஷராசியில் பிரவேசிக்கும் காலத்தைப் புதுவருஷப் பிறப்பாகக் கொள்ளும் வழக்கம் நமக்கும் லாவோஸுக்கும் பொது. அத்தருணத்தில் பா பாங்கை அரண்மனையிலிருந்து ஊர்வலமாக எடுத்துவந்து, வாட் மாய் என்ற விகாரத்திலே எழுந்தருளச் செய்து, நாகவடிவமான மரக்கால்வாயின் வழியே வாசனை நீரை வார்த்து, நகரத்தார் எல்லோரும் அபிஷேகம் செய்கிறார்கள்.

லுவாங் பிரபாங்குக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலே, நாம் ஊ நதி மேகாங்கோடு சங்கமிக்கும் இடத்துக்கு எதிரே, செங்குத்தான சுண்ணாம்புப் பாறையிலே பாக் ஊ குகைகள் இருக்கின்றன. தேய்ந்தும் உளுத்தும் கை கால் ஒடிந்தும் போன ஆயிரக்கணக்கான புத்த விக்கிரகங்களை ஜனங்கள் பல தலைமுறைகளாக இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பின்னமானதென்று ஒன்றையும் எறிந்துவிடவில்லை. இக்குகைகளுக்கு அருகிலேதான் நதியின் குறுக்கே ஒரு பெரிய அணை எழும்பி வருகிறது. கீழே சயாபூரியிலே கட்டிய 1,285 மெகாவாட் மின்நிலையம் 2019 முதல் வேலை செய்கிறது. துறைமுகம் இல்லாத ஏழை நாடு தன் நதியை விற்றுத்தான் ஜீவிக்க வேண்டியிருக்கிறது என்ற வாதத்தை நான் அறிவேன். அதிலே நியாயமும் உண்டு. ஆனால் மீன்கள் இனப்பெருக்கத்துக்காக மேலேறும் வழி அடைபடுவதும், கரையோர மணலிலே பயிரிட்டவர்கள் நிலத்தை இழப்பதும், அந்தக் கணக்கிலே சரியாக ஏறவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்திலே சீன எல்லையிலிருந்து வியந்தியான் வரையில் ரயில் ஓடத் தொடங்கியது. லுவாங் பிரபாங்கிலிருந்து வியந்தியானுக்கு மலைப்பாதையிலே பஸ்ஸில் ஒரு முழுப் பகலைத் தின்ற தூரம் இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சுரங்க வழிகளே அதிகமாகையால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வியந்தியான், தலைநகரம் என்ற பெயருக்குச் சாதுவான ஊர். தாட் லுவாங் என்ற பொன்னிற மகா ஸ்தூபியை, 1566-ல் சேத்தாதிராத் எழுப்பினான். 45 மீட்டர் உயரமுள்ள இது பலமுறை சிதைந்து, இருபதாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுக்காரர் காலத்தில் புனருத்தாரணம் பெற்றது. மரகத புத்தருக்கென்று அதே மன்னன் கட்டிய ஆலயத்திலே இன்று மரகத புத்தர் இல்லை. 1779-ல் சயாம் சேனை கொண்டுபோன அந்த விக்கிரகம் பாங்காக்கிலேயே இருந்துவிட்டது.

இவற்றைக் காட்டிலும் என்னை ஆகர்ஷித்தது வாட் சி சாகேத் என்ற விகாரம். சயாமின் மேலாதிக்கத்தை எதிர்த்து எழுந்து தோற்ற அனுவோங் மன்னன், தன் ஆட்சிக் காலத்திலே கட்டியது. 1828-ல் நகரம் முழுவதும் எரிந்து சாம்பலான சமயத்தில், இவ்வொரு விகாரம் மட்டும் அநேகமாக முழுமையாக நின்றது. சயாம் பாணியிலே கட்டியிருந்தமையால் விட்டுவைத்தார்கள் என்று சொல்வதுண்டு. சுற்றுப் பிராகாரத்தின் சுவரெங்கும் சிறு மாடங்கள். மாடத்துக்கு மாடம் வெள்ளியாலும் மண்ணாலும் செய்த சிறு புத்தர்கள். அவற்றின் கீழே, யுத்தத்திலே தலையும் கையும் இழந்த விக்கிரகங்களை ஓரிடத்திலே குவித்துச் சேமித்திருக்கிறார்கள். ஒட்டி ஒக்கிடவில்லை, மறைத்துவைக்கவுமில்லை.

ஆனால் 1828-ன் அழிவெல்லாம் சொற்பமென்று எண்ணும்படியான அழிவு நம் காலத்திலே இந்நாட்டுக்கு நேர்ந்தது. வியட்நாம் யுத்தத்தை ஒட்டி, 1964 முதல் 1973 வரையில், அமெரிக்க விமானங்கள் ஏறக்குறைய 5,80,000 முறை பறந்து வந்து, இருபது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட வெடிகுண்டுகளை லாவோஸின்மேல் சொரிந்தன. ஒரு பெரிய கூட்டிலிருந்து நூற்றுக்கணக்காகச் சிதறி விழும் சிறு குண்டுகள் மட்டுமே 27 கோடி. அவற்றிலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் வயலிலும் காட்டிலும் புதைந்துபோய், இன்றளவும் களைபறிக்கும் கையையும் விளையாடும் குழந்தையையும் பலிகொண்டு வருகின்றன. சியெங் குவாங் மாகாணத்திலே, இரும்புக் காலத்து மக்கள் குடைந்துவைத்த நூற்றுக்கணக்கான பிரம்மாண்டக் கற்சாடிகளைப் பார்க்கச் செல்கிறவர்கள், குண்டகற்றிய பாதை இது என்று அடையாளக் கற்கள் பதித்த இடத்தைத் தாண்டிக் காலை வைக்கலாகாது. அம்மாகாணத்தின் பழைய தலைநகரமான முவாங் கூனிலே, வாட் பியா வாட் என்ற விகாரத்துக்குக் கூரையும் போயிற்று, சுவரும் போயிற்று; எஞ்சிய செங்கல் தூண்களின் நடுவே பெரிய புத்தர் ஒருவர் திறந்த வெளியிலே வீற்றிருக்கிறார். நான் சென்ற சமயத்தில் அவர் மடியின்மேல் புதிய மஞ்சள் துணி சாத்தியிருந்தது. எதிரே மூங்கில் பெட்டியிலே அன்றைய அன்னம் வைத்திருந்தார்கள். கூரை இல்லாத காரணத்தால் நைவேத்தியம் நின்றுபோகவில்லை.

தெற்கே, சம்பாசாக் பிரதேசத்திலே, சிவபக்தர்கள் அவசியம் காண வேண்டிய ஸ்தலம் ஒன்று இருக்கிறது. பூ காவ் என்ற மலையின் சிகரத்திலே இயற்கையாகவே லிங்க வடிவமாக ஒரு பாறை எழுந்து நிற்பதைக் கண்டு, முற்காலத்தார் அதற்கு லிங்கபர்வதம் என்று பெயரிட்டார்கள். அடிவாரத்திலே மேகாங் கரையில் ஒரு பழைய நகரம் இருந்தது. அங்கே கிடைத்த, ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சம்ஸ்கிருத சாஸனம், தேவானீகன் என்ற அரசன் குருக்ஷேத்திரத்துக்கு நிகரான ஒரு தீர்த்தத்தை ஏற்படுத்தியதைக் கூறுகிறது. மலைச்சரிவிலே இன்று நாம் காணும் வாட் பூ ஆலயம் பெரும்பாலும் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் கெமர் அரசர்கள் எழுப்பியது. நீர்நிறைந்த ஏரிக்கரையில் தொடங்கும் நடைபாதை, இரு மண்டபங்களைக் கடந்து, ஈழத்தலரி மரங்கள் இருபுறமும் கவிந்து வெண்பூக்களைச் சொரியும் செங்குத்தான படிகளிலே ஏறி, கர்ப்பக்கிருகத்தை அடைகிறது. கதவுநிலையின்மேல் கிருஷ்ணன் கம்சனை வதைக்கும் சிற்பம். பின்னாலுள்ள பாறையிலே மும்மூர்த்திகள். அப்பாறையின் அடியிலே ஊறும் சுனைநீரைக் கற்கால்வாயால் கர்ப்பக்கிருகத்துக்குள் கொண்டுவந்து, இரவும் பகலும் ஓயாமல் லிங்கத்தின்மேல் விழும்படி அக்காலத்துச் சிற்பிகள் செய்திருந்தார்கள்.

இப்போது லிங்கம் இல்லை. அவ்விடத்திலே புத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இது ஆக்கிரமிப்பென்று தோன்றவில்லை எனக்கு. நந்தியைத் தகர்த்தவரோ, கம்சவதத்தைச் செதுக்கி அழித்தவரோ இங்கே இல்லை. மதம் மாறின ஜனங்கள் கோயிலை மாற்றாமல் தாங்கள் வணங்கும் மூர்த்தியை மட்டும் உள்ளே வைத்தார்கள். சுனைநீரை இன்றும் தலையிலே தெளித்துக்கொண்டு, போத்தல்களிலே பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். தீர்த்தத்தின் மகிமைக்குச் சமயபேதம் இல்லை என்பதிலே அவர்களுக்கும் நமக்கும் அபிப்பிராய பேதமில்லை.

இன்னும் தெற்கே இறங்கினால், மேகாங் நூற்றுக்கணக்கான தீவுகளாகப் பிரிந்து விரிந்து, பிறகு கோன் பாபெங் என்ற இடத்திலே பாறைகளின்மேல் பேரிரைச்சலோடு விழுந்து, கம்போடியாவுக்குள் போய்விடுகிறது. உயரம் அதிகமில்லை, ஆனால் அகலமும் வேகமும் பயங்கரமானவை. இந்நதியின் வழியே சீனத்துக்குக் கப்பல் விடலாம் என்ற நம்பிக்கையோடு 1866-ல் சைகோனிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கோஷ்டிக்கு அந்த எண்ணம் இவ்விடத்திலேயே பலமாக அடிபட்டது. பின்னர் படகுகளைத் தூக்கி அப்பால் இறக்குவதற்காகத் தீவுகளின்மேல் ஒரு சிறு ரயில் பாதை போட்டுப் பார்த்தார்கள்; ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை இரண்டாம் உலக யுத்தத்தோடு முடிந்தது. கப்பல் ஏற முடிந்திருந்தால் லுவாங் பிரபாங் ஒரு துறைமுகப் பட்டணமாகியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நாட்டின் அமைதியைத் தெற்கே இந்நீர்வீழ்ச்சியும் வடக்கே மலைகளும் காத்து வந்தன. மலைகளின் காவலை ரயில் நீக்கிவிட்டது.

ஆகையால் போக நினைப்பவர்கள் அதிகம் தாமதியாமல் புறப்படுவது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வெயில் மிதமாகவும் காலைகள் குளிராகவும் இருக்கும். மார்ச் மாதத்திலே மலைச்சரிவுகளைத் தீயிட்டு உழவுக்குத் தயார் செய்வதால், புகை மூடி ஒன்றும் தெரியாது. மாக மாதப் பௌர்ணமியிலே வாட் பூவில் திருவிழா நடக்கிறது. மலையெங்கும் மெழுகுவத்திகளோடு ஜனங்கள் கூடுகிறார்கள். அதையும் சேவிக்க விரும்புகிறவர்கள், அந்நாளை ஒட்டித் தெற்கிலே பிரயாணத்தைத் தொடங்கி, வடக்கு நோக்கிப் போவது சௌகரியம்.